கிளீவ்லண்ட் ஏன் வேகத்தை விலைக்கு வாங்குவதில்லை?

ஏரிக்கரை:

கிளீவ்லண்ட் என்றால் நம்மவர்களுக்கு தியாகராஜ ஆராதனைதான். 1978 முதல் நடக்கிறது. எனக்கு அந்த ஊரில் பேஸ்பால் என்று இன்னொரு பைத்தியமும் உண்டு. ஆராதனை நாட்களும் சீசன் தொடங்கும் நாட்களும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்து விழும். அதனால் வீட்டில் வருடாவருடம் ஒரு சண்டை. அது இருக்கட்டும்.

2025ல் ஊர் அணியான கார்டியன்ஸ் ஒரு கட்டத்தில் டெட்ராய்ட்டுக்குப் பதினைந்தரை ஆட்டம் பின்னால் கிடந்தார்கள். செப்டம்பர் முடியும்போது டிவிஷன் பட்டம் இவர்கள் கையில். அந்த மாதம் முறைவைத்து வீசிய ஸ்டார்ட்டர்கள் (ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர்கள், அதாவது பந்து வீசுபவர்கள்) ஆறு பேர்: கேவின் வில்லியம்ஸ், டானர் பிபி, லோகன் ஆலன், பார்க்கர் மெசிக், ஜோயி கன்டியோ, ஸ்லேட் செக்கோனி. முதல் நால்வரும் கிளீவ்லண்டே டிராஃப்டில் (அணிகள் வருடாவருடம் சுற்றுச்சுற்றாகப் புதுப் பையன்களைத் தேர்ந்தெடுப்பது) எடுத்த கல்லூரிப் பையன்கள். கடைசி இருவர் டிரேடில், மற்ற அணிகளோடு ஆள் மாற்றியதில், வந்தவர்கள். பெரிய பணம் கொடுத்து வெளியிலிருந்து அழைத்து வந்த ஆள் ஒருவர்கூட இல்லை.

இது தற்செயல் இல்லை என்பதுதான் என் கட்சி. 2016 டிராஃப்டைப் பாருங்கள். மூன்றாம் சுற்றில் ஆரன் சிவாலே, நான்காம் சுற்றில் ஷேன் பீபர், பன்னிரண்டாம் சுற்றில் ஸாக் பிளீசாக். மூவரும் கல்லூரி. மூவரும் உச்ச மட்டமான மேஜர் லீகில் ஸ்டார்ட்டர் ஆனார்கள். பீபர் சான்டா பார்பராவில் உதவித்தொகைகூட இல்லாமல் போய்ச் சேர்ந்தவர். பந்து மணிக்கு 90 மைலைச் சுற்றித்தான் வரும். ஆனால் வாக் (நான்கு பந்தை வெளியே போட்டு மட்டைக்காரரைச் சும்மா முதல் தளத்துக்கு அனுப்புவது) கொடுக்கவே மாட்டார். நாட்டிலேயே 122வது ஆளாக எடுத்தார்கள். நான்கு வருடம் கழித்து, கொரோனா சுருக்கிய 2020 சீசனில் 77 இன்னிங்ஸ் சொச்சத்தில் 122 ஸ்ட்ரைக் அவுட், ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்குக் கொடுத்த ரன் சராசரி, குறைந்தால் நல்லது) 1.63, வருடத்தின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது ஒருமனதாக. எடுத்த எண்ணும் 122, வீழ்த்திய எண்ணும் 122. எண் ஜோதிடர்கள் குறித்துக்கொள்ளவும்.

இந்த அணி டிராஃப்டில் வாங்குவது கட்டுப்பாட்டை. வேகத்தை வீட்டிலேயே சமைத்துக்கொள்கிறார்கள். மறுப்பவர்கள் வரலாம்.

பழைய லெக்ஸ்பின்:

சார், நான் கிரிக்கெட் ஆள். பேஸ்பால் இரண்டு வருடமாகத்தான் பார்க்கிறேன், தப்பாகக் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் நேர் எதிராகச் சொல்வார்கள். வேகம் பிறவியில் வருவது, லைன் லெங்த் பயிற்சியில் வருவது. நெட்டில் ஒரு பையன் கன்னாபின்னாவென்று, ஆனால் வேகமாக வீசினால் பயிற்சியாளர் அவனைத்தான் பிடித்துக்கொள்வார். நேராக, மெதுவாக வீசுகிறவனை நல்ல பையன் என்று தட்டிக்கொடுத்து அனுப்பிவிடுவார். இங்கே எப்படித் தலைகீழாகிறது?

இன்னொன்று, கல்லூரி என்றால் என்ன வயது? பள்ளியிலிருந்து நேராக எடுக்க மாட்டார்களா?

ஏரிக்கரை:

நல்ல கேள்வி. பேஸ்பாலிலும் எண்பது தொண்ணூறு வருடம் அப்படித்தான் நம்பினார்கள். ஆள் தேடும் ஸ்கவுட்டுகள், பின்னாளில் கையில் வேகம் அளக்கும் ராடார் கன்னோடு, போய் வேகமாக வீசுகிறவனைப் பிடித்துவருவார்கள், கட்டுப்பாட்டை அப்புறம் சொல்லிக்கொடுத்துக்கொள்ளலாம் என்று. பெரும்பாலும் முடியவில்லை. மேஜருக்குக் கீழ்மட்டமான மைனர் லீக் முழுக்க 98 மைலில் வீசி, இன்னிங்ஸுக்கு ஒரு வாக் கொடுத்து, 26 வயதில் வீட்டுக்குப் போனவர்கள் எத்தனையோ பேர்.

வேகத்தைப் பற்றித்தான் பார்வை மாறியது. எடை கூட்டிய பந்துகளை வீசிப் பழகுவது, இடுப்பு முதலில் திரும்பித் தோள் பின்னால் வரும்படி உடம்பைப் பழக்குவது, முன்காலை ஊன்றும்போது முழங்காலை மடங்கவிடாமல் நிறுத்துவது, ஒழுங்காகச் சாப்பிட்டு எடை ஏற்றுவது. இவை சேர்ந்தால் 20 வயதுப் பையனுக்கு மூன்று நான்கு மைல் கூடக்கூடும். எல்லாருக்கும் இல்லை. ஆனால் கட்டுப்பாடு கற்பதைவிட இது நடக்கிற காரியம் என்று பல அணிகள் முடிவுக்கு வந்தன. கிளீவ்லண்ட் கொஞ்சம் முன்னதாக வந்தது.

நான் கட்டுப்பாடு என்று சொல்வதிலும் இரண்டு உண்டு. ஸ்ட்ரைக் பகுதிக்குள் எங்காவது போடுவது ஒன்று. கேட்சர் கையுறை காட்டிய இடத்தில், அதே உருவத்தில், நூறாவது பந்தையும் போடுவது மற்றொன்று. அவர்கள் தேடுவது இரண்டாவது வகை. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யத் தெரிந்த உடம்பு என்றால் அதில் எதைப் புதிதாகச் சேர்த்தாலும் ஒட்டிக்கொள்ளும்.

வயது: பள்ளி முடித்ததும் எடுக்கலாம், 18. நான்கு வருடக் கல்லூரியில் சேர்ந்துவிட்டால் மூன்று வருடம் முடியவேண்டும் அல்லது 21 ஆகவேண்டும். பள்ளியிலிருந்து எடுத்த கதையைத் தனியாக எழுதுகிறேன். அது கொஞ்சம் சோகக் கதை.

அனாஹைம் அப்பாவி:

சோகக் கதை என்றால் என்னிடம் கேளுங்கள் அண்ணே, நான் ஏஞ்சல்ஸ் ரசிகன்.

2021 டிராஃப்டில் எங்கள் அணிக்கு 20 தேர்வுகள். இருபதும் பிட்சர். 20க்கு 20. அதில் 19 பேர் கல்லூரிக்காரர்கள். ஒரு கேட்சரோ ஒரு ஷார்ட்ஸ்டாப்போ பேச்சுக்குக்கூட இல்லை. அன்றைக்கு ஊரே சிரித்தது. அதே வருடம் உங்கள் கிளீவ்லண்டும் 21 தேர்வில் 19 பிட்சர் எடுத்தது என்பதை யாருமே பேசுவதில்லை! அவர்களுக்கு அதில் வில்லியம்ஸும் பிபியும் கிடைத்தார்கள். எங்களுக்கு முதல் சுற்றில், ஒன்பதாவது ஆளாகக் கிடைத்த சாம் பாக்மனுக்குத் தோள் வலி.

ஒரே வருடம், ஒரே யோசனை, ஒரே கல்லூரிச் சந்தை. விளைவு மட்டும் ஏன் இப்படி? கட்டுப்பாடு என்ற உங்கள் சூத்திரம் இதை விளக்குமா?

கணக்கன்:

ஒரு வருட டிராஃப்டை வைத்து எதையும் விளக்க முடியாது, அப்பாவி. ஆனால் நடந்ததைப் பார்க்கலாம்.

அந்த 2021 சந்தையே விசித்திரமானது. 2020ல் மைனர் லீக் நடக்கவே இல்லை, டிராஃப்டும் ஐந்தே சுற்று. எடுபடாத பையன்கள் கல்லூரியிலேயே இன்னொரு வருடம் தங்கினார்கள். 2021ல் கல்லூரிப் பிட்சர்கள் குவிந்து கிடந்தார்கள். குவிந்து கிடக்கிற சரக்கை இரண்டு அணிகள் அள்ளியதில் ஆச்சரியமில்லை.

வித்தியாசம் அள்ளியதற்கு அப்புறம். உங்கள் அணியில் டிரவுட், ஒஹ்தானி என்று இரண்டு நட்சத்திரங்கள் இருந்தார்கள், ஒஹ்தானி ஒப்பந்தம் முடிய இரண்டே வருடம். அவசரம். பதினோராம் சுற்றில் எடுத்த சேஸ் சில்செத்தைப் பத்தே மாதத்தில், 2022 மே மாதம், மேஜர் லீகில் இறக்கினார்கள். அந்த டிராஃப்டிலிருந்து மேலே வந்த முதல் ஆள் அவர்தான். முதல் ஆட்டத்தில் ஆறு இன்னிங்ஸ், ரன் இல்லை. எல்லாரும் கைதட்டினோம். அதே 2021 ஜூலையில் ஐந்தாம் சுற்றில் கிளீவ்லண்ட் எடுத்த பிபி மேஜர் லீகில் வீசியது 2023 ஏப்ரலில். 21 மாதம். கால் ஸ்டேட் ஃபுல்லர்டன் கல்லூரியில் 90ஐ ஒட்டி வீசிக்கொண்டிருந்தவர் 95ஐத் தொட்டது அந்த இடைவெளியில்தான். வந்த வருடமே ஈஆர்ஏ 2.98, புதுமுக விருதில் இரண்டாமிடம்.

அதாவது உங்கள் அணி மாங்காயை ஊறுகாய்க்கு வாங்கியது, அவர்கள் பழுக்கவைக்க வாங்கினார்கள்.

அனாஹைம் அப்பாவி:

ஊறுகாயும் எங்களுக்குக் கிடைக்கவில்லையே! 2021ல் இரண்டாம் சுற்றில் எடுத்த கை புஷ்ஷை 2023 ஜூலையில் இன்னொரு பையனோடு சேர்த்து சிகாகோவுக்குக் கொடுத்து ஜியோலிட்டோ, ரெய்னால்டோ லோபஸ் என்ற இரண்டு பிட்சர்களை வாங்கினோம். ஒரே மாதம். ஆகஸ்டில் தோற்றுத் தொலைத்து, சம்பளத்தைக் குறைக்க இருவரையும் வெய்வரில், அதாவது வேண்டுகிற அணி எடுத்துக்கொள்ளட்டும் என்று, விட்டோம். இருவரையும், கூடவே மாட் மூரையும், சும்மா எடுத்துக்கொண்டு போனது யார்? உங்கள் கிளீவ்லண்ட்!

பழைய கணக்கு ஒன்றும் பாக்கி. மைக் கிளெவிஞ்சரை 2011ல் எடுத்தது நாங்கள். 2014ல் வின்னி பெஸ்டானோ என்ற ரிலீவருக்கு (ஸ்டார்ட்டருக்குப் பின் வந்து வீசுபவர்) மாற்றிக் கொடுத்தோம். அப்புறம் அவர் கிளீவ்லண்டில் நல்ல ஸ்டார்ட்டர் ஆனது உங்களுக்கே தெரியும். பதிலுக்கு எங்களுக்கு வந்தது 2024ல் பிளீசாக், அவர்களே விட்டுவிட்ட பிறகு. பொண்ணு கொடுத்து பொண்ணு எடுக்கிற சம்பந்தம் மாதிரி இருக்கிறது, சீர் மட்டும் எப்போதும் ஒரு பக்கமாகவே போகிறது.

ஏரிக்கரை:

:) கிளெவிஞ்சர் கதை அதோடு நிற்கவில்லை. 2020ல் அவரைச் சான் டியேகோவுக்குக் கொடுத்து வாங்கிய கூட்டத்தில் ஒருவர்தான் மேலே சொன்ன கன்டியோ. சான் டியேகோ அணியான பத்ரேஸ் 2017ல் ஹவாயிலிருந்து பதினாறாம் சுற்றில் எடுத்த பையன். அதே டிரேடில் வந்த ஜோஷ் நேலரைக் கொடுத்துத்தான் செக்கோனி வந்தார். பெஸ்டானோ என்ற ஒரு ரிலீவரை நட்டுவைத்து 2025ல் இரண்டு ஸ்டார்ட்டர் அறுவடை.

சரி, பள்ளிக்கூடக் கதை.

2014ல் பிராடி ஏய்கன் என்ற இடதுகைப் பையனை ஹூஸ்டன் நாட்டிலேயே முதல் ஆளாக எடுத்தது. மருத்துவப் பரிசோதனையில் முழங்கை பற்றிச் சந்தேகம் வந்து ஒப்பந்தம் முறிந்தது. அடுத்த வருடம் அவருக்கு முழங்கையில் டாமி ஜான் அறுவை ஆயிற்று. அப்படியும் 2015ல் கிளீவ்லண்ட் 17வது ஆளாக எடுத்தது. மேஜர் லீகைக் கண்ணால் பார்க்காமலே முடிந்துவிட்டது அவர் ஆட்டம். அதே வருடம் 42வது ஆள் ட்ரிஸ்டன் மெக்கன்ஸி. ஃப்ளோரிடா பள்ளிப் பையன், மூங்கில் கழி மாதிரி இருப்பார். 2022ல் 191 இன்னிங்ஸ், ஈஆர்ஏ 2.96. நாங்கள் எல்லாம் அடுத்த பத்து வருடத்துக்கு இவர்தான் என்று நினைத்தோம். 2023ல் முழங்கை. 2025 ஏப்ரலில் பட்டியலிலிருந்தே நீக்கிவிட்டார்கள்.

2018ல் ஈதன் ஹேங்கின்ஸ், 35வது ஆள். டாமி ஜான். 2019ல் டேனியல் எஸ்பினோ, 24வது ஆள். 2022ல் மைனர் லீகில், ஏக்ரனில் நான்கு ஆட்டம் வீசினார், 18 இன்னிங்ஸ் சொச்சத்தில் 35 ஸ்ட்ரைக் அவுட். நான் வேலைக்கு லீவு போட்டு ஒரு ஆட்டம் பார்க்கப் போயிருந்தேன். மட்டைக்காரர்கள் பந்து கையுறையில் விழுந்த சத்தம் கேட்டுத்தான் மட்டையைச் சுற்றினார்கள், அப்படி ஒரு வேகம். அதோடு சரி. முதலில் முழங்கால், அப்புறம் தோள், அப்புறம் தோளில் அறுவை, மறுபடி அறுவை.

இவர்கள் எல்லாரும் முதல் சுற்றுப் பணம் வாங்கியவர்கள். நான்காம், ஐந்தாம், பன்னிரண்டாம் சுற்றுக் கல்லூரிப் பையன்கள்தான் வீட்டைத் தாங்கினார்கள்.

கணக்கன்:

இங்கேதான் எனக்கு மறுப்பு. பிழைத்தவர்களை மட்டும் எண்ணிக்கொண்டு வருகிறீர்கள்.

2022ல் 37வது ஆளாக எடுத்த ஜஸ்டின் கேம்பல் கல்லூரிக்காரர்தான், ஓக்லஹோமா ஸ்டேட். முழங்கை அறுவை, 2023, 2024 இரண்டு சீசனும் போயிற்று. 2020ல் 36வது ஆள் டானர் பர்ன்ஸ், 2021ல் துணைச் சுற்றில் டாமி மேஸ். இருவரும் கல்லூரி, இருவரையும் பற்றி இந்த இழையில் யாரும் எழுதவில்லை, எழுத ஒன்றும் இல்லை என்பதால். பள்ளிப் பையன்களில் தோற்றவர்களைப் பெயர் சொல்லி வரிசையாக நிறுத்துகிறீர்கள், கல்லூரியில் ஜெயித்தவர்களை மட்டும் நிறுத்துகிறீர்கள். தராசில் ஒரு தட்டில் கட்டைவிரல் இருக்கிறது.

பள்ளியிலிருந்து ஒரு சி.சி. சபாத்தியாவும் வந்திருக்கிறார், 1998ல் இருபதாவது ஆள். 2025ல் பேஸ்பால் மேதைகளின் வரிசையான ஹால் ஆஃப் ஃபேம் சேர்ந்துவிட்டார். அந்த ஒருவரின் வாழ்நாள் கணக்கை எடுக்க எத்தனை சிவாலே வேண்டும்?

இரண்டாவது மறுப்பு. வில்லியம்ஸ் உங்கள் சூத்திரத்தில் எங்கே பொருந்துகிறார்? 2021 முதல் சுற்றில் அவரை எடுத்தபோதே வேகக்காரர். 2025லும் நன்றாக வீசினார், ஆனால் வாக் கொடுப்பதில் கை தாராளம். உங்கள் அணியின் சிறந்த பிட்சர் உங்கள் கொள்கைக்கு நேர் எதிர்.

மூன்றாவது, கோரி குளூபர். இரண்டு சை யங், 2014லும் 2017லும். அவரை எடுத்தது பத்ரேஸ். 2010ல் மூன்று அணி சேர்ந்த டிரேடில் பெரிதாக யாரும் கவனிக்காத ஆளாக வந்தார். 2012ல் மைனர் லீகில், கொலம்பஸில் பந்தைப் பிடிக்கும் விதத்தை மாற்றி, கீழே இறங்கும் டூ சீமர் சிங்கருக்குப் போனபிறகுதான் வேறு ஆளானார். டிராஃப்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? எடுப்பது பெரிதில்லை, எடுத்தபிறகு செய்வதுதான் பெரிது என்று சொல்லிவிட்டுப் போகலாமே.

ஏரிக்கரை:

கட்டைவிரல் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். கேம்பலை மறந்தேதான் போனேன்.

வில்லியம்ஸ் 23வது ஆள். முதல் சுற்றில் வேகமும் உள்ள ஆள் கிடைத்தால் எடுக்காமல் விட அவர்கள் சன்னியாசியா? நான் பேசுவது நான்காம் சுற்றைப் பற்றி, ஐந்தாம் சுற்றைப் பற்றி. 97 மைலும் கட்டுப்பாடும் சேர்ந்து உள்ளவன் அங்கே வரைக்கும் மிஞ்சமாட்டான். 97 மட்டும் உள்ளவன் மிஞ்சுவான், கட்டுப்பாடு மட்டும் உள்ளவன் மிஞ்சுவான். யாரை எடுப்பது என்பதுதான் கேள்வி. மற்றவர்கள் முதல்வனை எடுத்த காலத்தில் இவர்கள் இரண்டாமவனை எடுத்தார்கள்.

குளூபர் எனக்குத்தான் சாதகம். பந்து எங்கே போகும் என்று தெரிந்த ஒருவனுக்குப் புதுப் பிடி கொடுத்தால் அடுத்த மாதம் அதை ஆட்டத்தில் வீசுவான். தெரியாதவனுக்கு எந்தப் பிடி கொடுத்து என்ன?

பீபரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021ல் தோள் காயம், வேகம் இறங்கிவிட்டது. 2022ல் சராசரி 91 மைல்தான், 2020ஐவிட மூன்று குறைவு. வேகத்தை நம்பிப் பிழைத்தவராக இருந்தால் அங்கேயே கதை முடிந்திருக்கும். அந்த வருடம் சரியாக 200 இன்னிங்ஸ் வீசினார், ஈஆர்ஏ 2.88. சேர்த்துக் கொடுத்த வேகத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டாலும் சொந்தச் சொத்து அவரிடமே இருந்தது.

பழைய லெக்ஸ்பின்:

அந்தக் கடைசிப் பத்தி இப்போது எனக்குப் புரிகிறது. எங்கள் பக்கமும் உண்டு. 32 வயதில் வேகம் போனபிறகு திடீரென்று பெரிய பவுலர் ஆகிறவர்கள்.

ஆனால் சார், பீபருக்கும் கடைசியில் முழங்கை போயிற்றே? நான் முதன்முதலில் பேஸ்பால் செய்தி படித்ததே அதுதான், 2024 ஏப்ரலில். சீசன் ஆரம்பித்து இரண்டே ஆட்டம்.

கணக்கன்:

ஆமாம். இதைத்தான் நானும் கேட்க வந்தேன். வேகத்தைச் சமைக்கலாம் என்கிறீர்கள், அடுப்புக்கு எரிவது எது? முழங்கையின் உள்பக்கத் தசைநார். 1974ல் ஃபிராங்க் ஜோப் என்ற மருத்துவர் டாமி ஜானுக்கு முதன்முதலில் செய்தது, வேறிடத்துத் தசைநாண் ஒன்றை எடுத்து அங்கே கோத்ததுதான். அன்று அதிசயம், இன்று அப்பென்டிக்ஸ் மாதிரி ஆகிவிட்டது. ஒரு வருடம், ஒன்றரை வருடம் வீட்டில் இருந்துவிட்டு வருகிறார்கள். 2024 டிசம்பரில் மேஜர் லீகே ஓர் அறிக்கை வெளியிட்டது. நேர்வேகப் பந்தான ஃபோர் சீமின் சராசரி வேகம் 2008ல் 91.3 மைல், 2024ல் 94.2. ஒவ்வொரு பந்தையும் முழு பலத்தோடு வீசுவது, பந்தின் சுழற்சியை எப்படியாவது கூட்டுவது, இவைதான் காயத்துக்கு முக்கியக் காரணங்கள் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

பீபர், மெக்கன்ஸி, எஸ்பினோ, ஹேங்கின்ஸ், கேம்பல். பள்ளி, கல்லூரி, வேகம், கட்டுப்பாடு, எல்லாம் இந்தப் பட்டியலில் இருக்கிறது.

வாரக்கடைசி கோச்:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இந்த இடத்தில் நுழையவேண்டியிருக்கிறது.

டாலஸ் பக்கம் இருக்கிறேன். பையனுக்கு 12. ஊர் லீகில் பிட்ச் செய்கிறான். போன வருடம் தனியாக ஒரு பயிற்சியாளரிடம் அனுப்பினேன். கூடத்துச் சுவரில் பெரிய திரை, ஒவ்வொரு பந்துக்கும் வேகம் எழுத்தில் மின்னும். பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டே வீசுவார்கள். பந்து எங்கே போயிற்று என்று யாரும் பார்ப்பதில்லை, அவரும் கேட்பதில்லை. மாதக் கடைசியில் யார் எத்தனை மைல் ஏறினார்கள் என்று பெற்றோர் குழுவில் படம் போடுவார். எனக்கும் அப்போது பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அக்டோபரில் ஒரு நாள் சாப்பிடும்போது பையன் இடதுகையால் கரண்டியைப் பிடித்திருந்தான். ஏன்டா என்றால், சும்மா என்றான். மூன்று வாரமாக வலியாம், சொன்னால் நிறுத்திவிடுவோம் என்று சொல்லவில்லையாம்.

டாக்டர் பெரிதாக ஒன்றுமில்லை, நான்கு மாதம் பந்தைத் தொடக்கூடாது என்றார். அந்த நான்கு மாதமும் எப்படியும் எடுத்திருக்கவேண்டிய ஓய்வுதான் என்பதை அப்புறம்தான் படித்தேன். மேஜர் லீகும் யுஎஸ்ஏ பேஸ்பாலும் சேர்ந்து பிட்ச் ஸ்மார்ட் என்று வழிமுறை வைத்திருக்கின்றன. 12 வயதுவரை வருடத்தில் குறைந்தது நான்கு மாதம் எறிதலே இல்லை. 11, 12 வயதுக்கு ஒரு நாளில் 85 பந்துக்கு மேல் கூடாது, 66ஐத் தொட்டால் நான்கு நாள் ஓய்வு. இத்தனை வருடம் இணையத்தில் இலவசமாகவே கிடந்திருக்கிறது.

நான் கேட்க விரும்புவது ஏரிக்கரை அண்ணனை. கிளீவ்லண்ட் வேகத்தை விலைகொடுத்து வாங்குவதில்லை என்பது உண்மையானால், இங்கே 12 வயதுப் பிள்ளைகள் எதற்காக இப்படி வீசுகிறார்கள்?

ஏரிக்கரை:

தம்பி, முதலில் பையன் நன்றாக இருக்கிறானா? அதைச் சொல்லுங்கள்.

கேள்விக்கு நேர்மையான பதில்: மற்ற அணிகளும் கல்லூரிகளும் இன்னும் வேகத்துக்குத்தான் பணம் கொடுக்கின்றன. கல்லூரிப் பயிற்சியாளர் பார்க்கும் முதல் எண் அதுதான். நான்காம் சுற்றில் எடுபட்ட ஒரு பீபருக்காக எந்த அப்பாவும் பயிற்சியாளருக்குச் சம்பளம் கொடுப்பதில்லை.

இதை எழுதும்போதுதான் எனக்கே ஒன்று தெளிகிறது. கிளீவ்லண்ட் வேகம் வேண்டாம் என்று சொல்லும் அணி இல்லை. 21 வயதில், எலும்பு முற்றியபிறகு, மருத்துவரும் உடற்பயிற்சியாளரும் பக்கத்தில் நிற்க, தங்கள் கண்முன்னால் அந்த வேகத்தை ஏற்றுகிறார்கள். ஏற்கெனவே 16 வயதில் 97 வீசிய தோளை வாங்கினால் அதில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? மெதுவாக வீசிய கல்லூரிப் பையன் அதிகம் ஓடாத வண்டி. பீபருக்கும் உடைந்தது, மறுக்கவில்லை. ஆனால் ஆறு சீசன் ஓடிய பிறகு உடைந்தது. ஹேங்கின்ஸுக்கு மேஜர் லீகில் ஒரு சீசன்கூட ஓடவில்லை.

அனாஹைம் அப்பாவி:

ராடார் கன் மோகத்துக்கு இந்தியாவே சாட்சி இருக்கிறதே அண்ணே. 2008ல் வேகமாக எறிகிற ஆள் தேடி அங்கே ஒரு டிவி போட்டி நடத்தி, ரிங்கு சிங், தினேஷ் படேல் என்று உத்தரப் பிரதேசத்து ஈட்டி எறிபவர்கள் இருவரைப் பிடித்தார்கள். அதுவரை பேஸ்பாலே தெரியாது. பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் ஒப்பந்தமும் போட்டது. ரிங்கு மைனர் லீகில் சில வருடம் நன்றாகவே தாக்குப்பிடித்தார். அவர் உழைப்புக்குக் கும்பிடு. ஆனால் மேலே போக முடியவில்லை, அவருக்கும் முழங்கைதான்.

கணக்கன்:

அதிகம் ஓடாத வண்டி என்ற வாதம் நன்றாக இருக்கிறது. ஆனால் அதை ஒரு அணி எத்தனை வருடம் தனியாக வைத்திருக்க முடியும்? ரூபன் நியேப்லா, குளூபருக்கு அந்தப் பிடியைக் காட்டியவர், 2021க்குப் பிறகு சான் டியேகோவுக்குப் போய்விட்டார். சமையல்காரர் போனால் கைப்பக்குவமும் போகும். இன்று முப்பது அணியிடமும் அதே கேமரா, அதே எடைப்பந்து. நான்காம் சுற்றில் கட்டுப்பாடு மட்டும் உள்ளவனைத் தேட இப்போது பத்து பேர் வரிசையில் நிற்கிறார்கள்.

அதனால்தான் 2024ல் கிளீவ்லண்டே பாதை மாறியது என்று நினைக்கிறேன். டிராஃப்டில் யார் முதலில் எடுப்பது என்று தீர்மானிக்கும் லாட்டரியில் 2 சதவீத வாய்ப்பை வைத்துக்கொண்டு முதல் தேர்வை வென்றார்கள், வரலாற்றில் முதல்முறை. அதில் பிட்சர் எடுக்கவில்லை. டிராவிஸ் பசானா, ஆஸ்திரேலியப் பையன், இரண்டாம் தளக்காரர். அந்த இடத்துக்கு ஒதுக்கிய தொகை 10.57 மில்லியன் டாலர், கொடுத்தது 8.95. மிச்சம் 1.6 மில்லியனை எங்கே போட்டார்கள்? ஜோயி ஓக்கி போன்றவர்கள்மேல். பள்ளிக்கூடப் பிட்சர்கள்! ஓக்கி மூன்றாம் சுற்று, இரண்டு மில்லியன்.

லெக்ஸ்பின் சாருக்காக: ஒவ்வொரு அணிக்கும் டிராஃப்டில் மொத்தமாக ஒரு தொகை. 2012லிருந்து இந்த ஏற்பாடு. மொத்தத்தை 5 சதவீதத்துக்கு மேல் தாண்டினால் அடுத்த வருட முதல் சுற்றுத் தேர்வே போய்விடும், ஒரு அணியும் அந்தப் பக்கம் போகாது. அதனால் ஓரிடத்தில் மிச்சம் பிடித்து இன்னோரிடத்தில் கொட்டுவார்கள், கல்யாணத்தில் பந்தலைச் சுருக்கிப் பந்தியில் போடுகிற மாதிரி.

ஏரிக்கரை:

அது எனக்கும் உறுத்தல்தான். எஸ்பினோவைப் பார்த்த கண்ணோடு ஓக்கியைப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

இன்னொன்றையும் நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், கணக்கன் கேட்பதற்கு முன்னால். இதே சூத்திரத்தை மட்டையிலும் போட்டார்கள். பந்தை மட்டையில் படவைக்கத் தெரிந்த பையனை எடு, பலத்தை அப்புறம் ஏற்று. 2018ல் ஐந்தாம் சுற்றில் ஸ்டீவன் குவான் கிடைத்தார். படவைப்பது அப்படியே இருக்கிறது, பலம் பெரிதாக ஏறவில்லை. அவரைப் போலவே இன்னும் பலர், குவான் அளவுக்குத் திறமை இல்லாமல். 2025ல் இந்த அணி மட்டை பிடித்த லட்சணத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தோளுக்கு ஏறுகிற வேகம் மட்டைக்கு ஏன் ஏறவில்லை என்று யாராவது விளக்கினால் தனி இழை தொடங்கலாம். சிவாலேயை 2023ல் டாம்பாவுக்குக் கொடுத்து மன்சார்டோவை வாங்கியது இந்த ஓட்டையை அடைக்கத்தான். பிட்சரைச் செய்து விற்று மட்டைக்காரன் வாங்குகிறார்கள்.

பழைய லெக்ஸ்பின்:

மட்டை இழை தொடங்கும்போது என்னையும் கூப்பிடுங்கள் சார். கோச், பையன் எப்படி இருக்கிறான் என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லை.

வாரக்கடைசி கோச்:

நன்றாக இருக்கிறான் சார், கேட்டதற்கு நன்றி. பிப்ரவரியில் திரும்ப ஆரம்பித்தான். கூடத்துக்கு அனுப்புவதில்லை. கொல்லையில் வேலியில் ஒரு பழைய துண்டைக் கட்டியிருக்கிறேன், நான்கு மூலையிலும் ஒவ்வொரு நிறத்தில் ரிப்பன். நான் நிறம் சொல்வேன், அவன் அங்கே போடவேண்டும். சிவப்பு வரவே மாட்டேன் என்கிறது, இடதுபக்கம் கீழே. துண்டில் படாத பந்தைப் பொறுக்கி வருவது என் வேலை.

நாளைக் காலை ஒன்பது மணிக்கு முதல் ஆட்டம். எண்ணும் கருவியை நான்தான் வைத்திருப்பேன். 50ஐத் தாண்டினால் மூன்று நாள் ஓய்வு, அதனால் 50 ஆனதும் நானே போய்ப் பந்தை வாங்கிக்கொள்வேன் என்று சொல்லிவைத்திருக்கிறேன். இப்போதே முறைத்துக்கொண்டு திரிகிறான்.